தொட்டாலே பிடிக்கும் பிரேக்கும் ஹீல் அண்ட் டோவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற ரோட்டில், கேரள எல்லைக்கு முன்னால் தென்னந்தோப்புக்குள் எங்கள் வீடு. நான் ஓட்டுவது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஆறு கியர் மேனுவல், பின்சக்கர இழுவை. அதன் பிரேக் தொட்டாலே பிடிக்கும். அந்த பிரேக்கை வைத்துக்கொண்டு ஹீல் அண்ட் டோ கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் தம்பிகள் வந்து கேட்கிற கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஹீல் அண்ட் டோ என்றால் என்ன?

வலது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, அதே காலின் இன்னொரு பகுதியால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி, இடது காலால் கிளட்ச் மிதித்துக் கியர் இறக்குவது. பெயரைப் பார்த்துக் குதிகால், கால்விரல் என்று தேட வேண்டாம். இன்றைய கார்களில் பெரும்பாலும் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டுப் பகுதி பிரேக்கில் இருக்கும், பாதத்தின் வெளி ஓரம் ஆக்சிலேட்டர் மேல் சாயும்.

எதற்கு இவ்வளவு சிரமம்? கிளட்சை மெதுவாக விட்டால் போதாதா?

சாதாரண ஓட்டத்துக்குப் போதும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிரேக் பிடித்துவிட்டு கியர் இறக்கும்போதுதான் விஷயம் இருக்கிறது.

கிளட்ச் மிதித்ததும் எஞ்சின் சுழற்சி கீழே விழுந்துவிடும். இறக்கிய கியருக்கோ அதே வேகத்தில் சுழற்சி அதிகமாக வேண்டும். நீங்கள் கிளட்சை விட்டால் அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது? சக்கரங்கள்தான். சக்கரம் எஞ்சினை இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். அந்த இழுப்பு சக்கரத்துக்கு ஒரு கூடுதல் பிரேக் மாதிரி. பின்சக்கர இழுவைக் காரில் அது பின்சக்கரத்தில் மட்டும் விழுகிறது. ஏற்கனவே பிரேக் பிடித்ததால் வண்டியின் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகி இருக்கும். அந்த நேரத்தில் பின்சக்கரத்தை வெட்டி இழுத்தால், ஸ்டீயரிங் கொஞ்சம் திரும்பியிருந்தாலே பின்பக்கம் வெளியே வீசும். ஈர ரோட்டில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கிளட்ச் தேய்மானம் குறையும், வளைவிலிருந்து வெளியே வரும்போது சரியான கியர் தயாராக இருக்கும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற லாபங்கள்.

லாரிக்காரர்கள் 'டபுள் கிளட்ச்' என்பார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஒன்று கிடையாது. என் மாமா பொள்ளாச்சியிலிருந்து திருச்சூருக்குக் காய்கறி லோடு ஓட்டியவர். அந்தக் கால லாரியில் கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஒரு ரேஸ் கொடுத்து (அதாவது ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி), மறுபடி கிளட்ச் மிதித்துக் கியர் போட வேண்டும். கிளட்சை நடுவில் விடுவதால் கியர்பாக்ஸின் உள் தண்டும் எஞ்சினோடு சேர்ந்து வேகம் பிடிக்கும். பல்லும் பல்லும் உரசாமல் விழும்.

நம் கார்களில் அந்த வேலையை கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ என்ற பாகம் செய்கிறது. 1928இல் காடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு அது. ஆகவே கிளட்சை மிதித்தபடியே கொடுக்கும் ரேஸ் எஞ்சினையும் கிளட்ச் தட்டையும் மட்டும்தான் சமன் செய்கிறது, சிங்க்ரோவுக்கு அதனால் ஒரு உதவியும் இல்லை. 'ஹீல் அண்ட் டோ செய்தால் கியர்பாக்ஸ் ஆயுள் கூடும்' என்று சொல்வதைக் கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கூடுவது கிளட்சின் ஆயுள்.

நான் எஞ்சின் சுழற்சி மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு பழகிய நாளில் மாமா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சத்தத்தைக் கேளு கண்ணு. முள்ளையே பாத்துட்டிருந்தா ரோட்டை யாரு பாக்கறது?" என்றார். ஹீல் அண்ட் டோ என்ற பெயரே அவருக்குத் தெரியாது.

பிரேக் ஷார்ப்பாக இருந்தால் ஏன் கஷ்டம்? நல்ல பிரேக் இருந்தால் வசதிதானே?

இரண்டு காரணங்கள்.

முதலாவது, பெடல் உயரம். பெரும்பாலான கார்களில் சும்மா இருக்கும்போது பிரேக் பெடல் ஆக்சிலேட்டரைவிட மேலே இருக்கும். பலமாக அழுத்தினால் கீழே இறங்கி, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வரும். அப்போது பாதத்தைச் சாய்ப்பது சுலபம். தொட்டாலே பிடிக்கும் பிரேக்கில் பெடல் அவ்வளவு இறங்காமலே வண்டி நின்றுவிடுகிறது. ஆக்சிலேட்டர் கிணற்றுக்குள் கிடக்கிற மாதிரி கீழே இருக்கும். அதைத் தேடிப் பாதத்தை வளைத்தால் பிரேக்கின் மேலும் அழுத்தம் கூடும்.

இரண்டாவது அதைவிட முக்கியம். மந்தமான பிரேக்கில் கால் கொஞ்சம் நடுங்கினாலும் வண்டிக்குத் தெரியாது. இதில் உங்கள் காலின் ஒவ்வொரு சிறு அசைவும் வண்டியின் மூக்கில் தெரியும்.

நான் முதல்முறை முயற்சி செய்தபோது ஆக்சிலேட்டர் பக்கம் சாய்த்த பாதம் பிரேக்கையும் சேர்த்து அழுத்திவிட்டது. கார் குத்தி நின்றது. பின்னால் டிவிஎஸ் எக்ஸெலில் புல்லுக்கட்டோடு வந்த பெரியவர் என் பம்பருக்கு ஒரு கை தூரத்தில் நிறுத்தினார். புல் அவர் தோளைத் தாண்டி முன்னால் சரிந்து கிடந்தது. அவர் என்னைப் பார்த்தார், கட்டைச் சரிசெய்தார், ஓரமாகத் திருப்பிக்கொண்டு போனார். தவறு முழுக்க என்னுடையது. பொது ரோட்டில் பழகுவதை அன்றோடு விட்டேன்.

அப்படியானால் முதலில் எதைப் பழக வேண்டும்?

பிரேக்கை. இதைச் சொன்னால் தம்பிகள் முகம் வாடிவிடுகிறது. ஆனால் ஹீல் அண்ட் டோவில் பெரும்பகுதி அசையாத பிரேக் கால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ரேஸ் கொடுப்பது அதன் மேல் வைக்கிற சின்ன வேலை.

முதல் சில வாரங்கள் கியரை மறந்துவிடுங்கள். ஆளில்லாத நேரான இடத்தில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடியுங்கள். ஓர் அழுத்தத்துக்கு வந்ததும் அதை மாற்றாமல் மூன்று எண்ணும் வரை வைத்திருங்கள். பிறகு மெதுவாக விடுங்கள். வண்டி நிற்கிற கடைசி நொடியில் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தால், நீங்கள் இன்னும் விடக் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

இதில் குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். தொடையால் மிதிப்பவர்களுக்கு இந்த மாதிரி பிரேக் ஒருநாளும் வசப்படாது. கணுக்காலால்தான் நுணுக்கமாக அழுத்த முடியும். இருக்கையையும் சரிபாருங்கள்: பிரேக்கை முழுக்க மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். பெல்ட் இறுக்கமாக இருக்கட்டும். பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னால் சரிந்தால் அந்த எடை பெடலில்தான் இறங்கும்.

அப்புறம், பிரேக் இல்லாமல் ரேஸ் மட்டும். சீரான வேகத்தில் நான்காவதில் போய்க்கொண்டே கிளட்ச், ஒரு ரேஸ், மூன்றாவது, கிளட்ச் விடு. காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கியர் மாறியது தெரியாத அளவுக்கு வர வேண்டும்.

மூன்றாவது படியில் இரண்டையும் சேருங்கள், ஆனால் கியரைத் தொடாதீர்கள். நாற்பது, ஐம்பது வேகத்தில் லேசாகப் பிரேக் பிடித்தபடி கிளட்சை மிதித்து, பாதத்தைச் சாய்த்து ஒரு ரேஸ். கியர் அதே கியர். இதில் உங்கள் கவனம் முழுக்க ஒன்றிலேயே இருக்கும்: ரேஸ் கொடுக்கும் கணத்தில் பிரேக் மாறுகிறதா? என் மனைவி பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து, வண்டி குத்துகிற ஒவ்வொரு முறையும் விரலைத் தூக்குவாள். முதல் நாள் விரல் இறங்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து ஒருநாள் ஏழெட்டு முறை செய்த பிறகு, "ஆரம்பிச்சுட்டீங்களா இல்லையா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் கியரையும் சேர்த்தேன்.

சரியான வரிசை என்ன?

பிரேக் முதலில். அழுத்தம் நிலைக்கு வந்து வேகம் குறைந்த பிறகே கிளட்ச். ரேஸ், கியர், கிளட்ச் விடுவது. இது நடக்கும்போதெல்லாம் பிரேக் அப்படியே இருக்கிறது. கடைசியாக வளைவுக்குள் திரும்பும்போது பிரேக்கை மெதுவாக விடுவது.

அவசரப்பட்டு வேகம் குறைவதற்கு முன்னாலேயே கியரை இறக்காதீர்கள். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுழற்சியில் ஓடுகிற எஞ்சினை ஒரு கியர் இறக்கினால் அது எட்டாயிரத்தைத் தாண்டும். சுழற்சி அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் ரெவ் லிமிட்டர் எஞ்சினில் இருந்தாலும் இதைத் தடுக்காது. அது பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரம் பின்னாலிருந்து எஞ்சினைச் சுற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. வால்வு வளைந்தால் செலவு லட்சத்தில்.

எவ்வளவு ரேஸ் கொடுக்க வேண்டும்?

உங்கள் கார்தான் சொல்ல வேண்டும். 60 வேகத்தில் நான்காவதில் முள் எங்கே நிற்கிறது, அதே 60இல் மூன்றாவதில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். என் காரில் 2,200, 3,000. ஆக 800 ஏற வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது இடைவெளி இன்னும் பெரியது. பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் கீழ் கியர்களுக்கு நடுவே இடைவெளி அகலமாக இருக்கும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மீட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். எண்கள் மனதில் பதிந்ததும், மாமா சொன்ன மாதிரி, காதுக்கு மாறிக்கொண்டேன்.

கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, குறையக் கூடாது. கூடினால் வண்டி லேசாக முன்னால் தள்ளும். குறைந்தால் பின்சக்கரத்தை இழுக்கும்.

கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் ஆக்சிலேட்டரில் தட்டியதும் எஞ்சின் உடனே எழாது, ஒரு கணம் தாமதிக்கும். அதற்காகப் பலமாக உதைக்காதீர்கள். தட்டுவதைக் கொஞ்சம் நீட்டிக் கொடுங்கள். சில புதிய கார்களில் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தால் பாதுகாப்புக்காக ஆக்சிலேட்டரைக் கணினி துண்டித்துவிடும். அப்படிப்பட்ட காரில் ஹீல் அண்ட் டோ வரவில்லை என்றால் குற்றம் உங்கள் காலில் இல்லை.

வண்டியை ஷெட்டில் நிறுத்திவைத்துப் பழகலாமா?

பழகலாம், எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் அணைந்திருந்தால், பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குள் தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல் மாதிரி இருக்கும், மேலேயே நிற்கும். அந்த உயரத்துக்குப் பழகிய கால் ரோட்டில் ஏமாந்துபோகும். எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, கதவுகளைத் திறந்துவைத்துப் பழகுங்கள். மூடிய ஷெட்டில் புகை உயிருக்கு ஆபத்து.

பாதத்தை எந்த இடத்தில் வைப்பது என்றே பிடிபடவில்லை.

பிரேக் பெடலின் ரப்பரில் சாக்பீஸைத் தேய்த்துவிடுங்கள். ஷூவோடு உட்கார்ந்து பத்து முறை செய்துவிட்டு ஷூவைக் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். எனக்கு முதலில் வெள்ளைத் தடம் பாதத்தின் நடுவில், குழிக்குப் பக்கத்தில் விழுந்திருந்தது. அங்கே பெடலை வைத்தால் உணர்வே கிடைக்காது. தடம் கட்டைவிரல் மேட்டின் உள்பக்கத்தில், விரல் இரண்டு அகலத்துக்கு விழ வேண்டும். பெடலின் வலது ஓரத்தை ஒட்டியே காலை வைத்தால், பாதத்தின் மிச்சப் பாதி தானாக ஆக்சிலேட்டர் மேல் தொங்கும். அதன் பிறகு தேட வேண்டியதில்லை, சாய்த்தால் போதும்.

ஆக்சிலேட்டரில் தகடு வைத்து உயர்த்தலாமா?

உங்கள் காருக்குத் தேவையென்றால் செய்யலாம். எனக்கு அதுதான் பாதிக் கஷ்டத்தைத் தீர்த்தது. ஆனால் மூன்று விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தகடு போல்ட்டால் இறுகியிருக்க வேண்டும், பசையில் ஒட்டியிருக்கக் கூடாது. ஆக்சிலேட்டர் முழுக்க இறங்கித் தானாகத் திரும்பி வர வேண்டும், காரின் தரைவிரிப்பில் மாட்டக் கூடாது. பிரேக்கை எவ்வளவு பலமாக மிதித்தாலும் ஆக்சிலேட்டர் அதைவிட மேலே வரக் கூடாது. கடைசி ஒன்றைச் சோதிக்காமல் விட்டால், அவசரத்தில் பிரேக் மிதிக்கிற கால் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதிக்கும்.

பிரேக்கையே கொஞ்சம் மென்மையாக்கிவிட்டால்?

தொட்டதும் கடிப்பது குறைவாக உள்ள பிரேக் பேட் போட்டால் வித்தியாசம் தெரியும். பூஸ்டரில் கை வைக்காதீர்கள். நான் பேட்டை மாற்றவில்லை. காலைத் திருத்தினால் எந்தக் காரிலும் உதவும் என்று நினைத்தேன்.

ஆனால் பிரேக் இயல்பிலேயே ஷார்ப்பா, அல்லது ஏதாவது கோளாறா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழைக்காற்று வருகிற மாதங்களில், இரவெல்லாம் நனைந்த வண்டியின் டிஸ்கில் காலையில் லேசான துரு இருக்கும். முதல் நாலைந்து பிரேக் கடிக்கும், பிறகு சரியாகிவிடும். அது கோளாறு இல்லை. நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக் இன்று திடீரென்று கடித்தாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ, பழகுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயிலைப் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த அளவு 155 டிகிரிதான். நான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

ஏபிஎஸ் காப்பாற்றாதா?

பிரேக்கால் சக்கரம் லாக் ஆனால் ஏபிஎஸ் பிரேக்கை விடுவிக்கும். எஞ்சின் இழுப்பால் சக்கரம் தடுமாறினால் விடுவிக்க அதன் கையில் ஒன்றும் இல்லை. சில கார்களில் அந்த நிலையைக் கண்டுபிடித்துத் தானாகவே கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. பழைய கார்களில் எதிர்பார்க்க வேண்டாம்.

தானாகவே ரேஸ் கொடுக்கிற கார்கள் வந்துவிட்டனவே?

வந்துவிட்டன. நிஸ்ஸான் 370ஸெட் 2009ஆம் ஆண்டு மாடலிலேயே மேனுவல் கியருக்கு அந்த வசதி இருந்தது. அப்படி ஒரு கார் இருந்தால் நன்றாக அனுபவியுங்கள். இந்தக் கேள்வி பதில்கள் அது இல்லாதவர்களுக்கு.

எங்கே பழகுவது?

வீட்டுமனை லேஅவுட்களில் தார் போட்டு வீடு வராத இடங்கள் நம் பக்கம் நிறைய. உரிமையாளரிடம் கேட்டு, ஆடு மாடு மேயாத நேரத்தில், யாராவது ஒருவரை வாசலில் நிறுத்திவைத்துப் பழகுங்கள். முதல் மூன்று படிகளுக்கு அது போதும்.

வேகத்தோடு பழகச் செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து பக்கம்தான். மாருதி எஞ்சினை வைத்துச் சிறிய பந்தயக் கார்களைக் கட்டிய கோவைக்காரர் கரிவர்தனின் பெயர் அது. சுமார் இரண்டு கிலோமீட்டர் தடம். பொதுமக்கள் காரோடு போக அனுமதிக்கும் நாட்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். அங்கே எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், எதிரே பஸ் வராது. ஒரே வளைவை ஒரு மணி நேரத்தில் இருபது முறை பிடிக்கலாம். அப்படித் திரும்பத் திரும்பச் செய்வதுதான் காலுக்குப் பாடம்.

பொது ரோட்டில் வேகப் போட்டியும் சோதனையும் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 189ஆம் பிரிவின்படி குற்றம், ஆபத்தாக ஓட்டுவது 184இன்படி குற்றம்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே? அதைவிட நல்ல இடம் உண்டா?

எல்லாரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். தயவுசெய்து அங்கே பழகாதீர்கள். ஒவ்வொரு வளைவையும் பஸ் முழுதாக எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். வரையாடு ரோட்டோரச் சுவரில் நிற்கும், திடீரென்று குதித்துக் குறுக்கே வரும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு குட்டியோடு ரோட்டைக் கடக்கும். புதுசாகப் பழகுகிறவனின் கவனம் முழுக்கத் தன் பாதத்தில் இருக்கும். அந்த ரோட்டில் பாதத்தை நினைக்க ஒரு நொடிகூட கிடையாது.

நன்றாகக் கைவந்த பிறகு, மெதுவாகப் போகும்போதே அங்கே அது பயன்படும். இறக்கத்தில் பிரேக்கையே நம்பினால் டிஸ்க் சூடேறிப் பிடிப்பு குறையும். வளைவுக்கு நன்கு முன்னாலேயே இரண்டாவதுக்கு இறக்கிவிட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ரேஸ் கொடுத்தால் அந்த இடைவெளியில் வண்டி வேகம் எடுத்துவிடும். பிரேக்கை விடாமல் இரண்டாவது குலுங்காமல் விழுகிறது என்றால், முப்பது கிலோமீட்டர் வேகத்திலும் இந்தப் பழக்கத்துக்கு வேலை இருக்கிறது. பின்னால் தூங்குகிற குழந்தை விழிக்காது.

ஷூ எப்படி இருக்க வேண்டும்? செருப்பு போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

ரப்பர் செருப்பு கூடவே கூடாது, கழன்று பெடலுக்கு அடியில் போகும். அடிப்பாகம் மெல்லியதாக, ஓரம் தட்டையாக இருக்கிற கேன்வாஸ் ஷூ போதும். தடித்த ஓட்ட ஷூ போட்டால் பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ரொம்பக் குறுகலான ஷூவும் வேண்டாம், இரண்டு பெடலையும் எட்டக் கொஞ்சம் அகலம் வேண்டும். மழைநாளில் ஏறுவதற்கு முன்னால் அடிப்பாகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். நான் ஓட்டுநர் கதவின் பையில் ஒரு பழைய துண்டு வைத்திருக்கிறேன், தோப்பு மண் ஒட்டிய காலோடு இந்த பிரேக்கைத் தொடுவதில்லை.